மென் உண்ணிக்கு 24 மணி நேரக் கணக்கு செல்லாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் உண்ணிக்கடி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வெளியே போய் வந்ததும் உடம்பைத் தடவிப் பாருங்கள், உண்ணி ஒட்டியிருந்தால் 24 மணி நேரத்துக்குள் பிடுங்கிவிடுங்கள், பிறகு பெரிதாகப் பயப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். உண்ணிக்கடியால் வரும் பாக்டீரியா நோயான லைமைப் பரப்பும் கடின உண்ணிக்கு இது நல்ல அறிவுரைதான். ஆனால் போகிற போக்கில், விட்டு விட்டுத் திரும்ப வரும் மீள்காய்ச்சலையும் அதே பட்டியலில் சேர்த்து, அதற்கும் இதுவே போதும் என்கிற மாதிரி முடித்துவிட்டார்கள். அதைத் திருத்தச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மீள்காய்ச்சலில் பேன் பரப்புவது ஒரு வகை. இன்னொரு வகையைப் பரப்புவது ஆர்னிதோடோரஸ் என்ற மென் உண்ணிகள். இவை நாள்கணக்கில் உடம்பில் ஒட்டிக் கிடப்பதில்லை. எலி வளை, சுவர் விரிசல், மண் தரை, குகை என எங்காவது பதுங்கியிருந்து, இரவில் தூங்குகிறவர் மேல் ஏறி, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வயிறு நிறையக் குடித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். வலிப்பதும் இல்லை. காலையில் எழுந்து உடம்பு முழுக்கத் தேடினாலும் பிடுங்குவதற்கு அங்கே என்ன இருக்கும்?

அவ்வளவு கொஞ்ச நேரத்தில் கிருமி எப்படி உள்ளே போகிறது என்று கேட்கலாம். லைம் கிருமி உண்ணியின் குடலில்தான் இருக்கும், உண்ணி கடிக்கத் தொடங்கிய பிறகுதான் அது மெல்ல உமிழ்நீர்ச் சுரப்பிக்கு நகரும், அந்தத் தாமதம்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். மீள்காய்ச்சலை உண்டாக்கும் பொரீலியா என்ற சுருள் பாக்டீரியா அப்படியில்லை. அதில் ஒரு பங்கு எப்போதும் உமிழ்நீர்ச் சுரப்பியிலேயே தயாராகக் காத்திருக்கிறது. பொரீலியா டூரிகேட்டே என்ற இனத்தை வைத்து ஆய்வகத்தில் செய்த சோதனைகளில், உண்ணி கடித்த ஒரு நிமிடத்துக்குள்ளேயே எலிக்குத் தொற்றிவிட்டது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ராக்கி மவுண்டன் ஆய்வகத்தைச் சேர்ந்த டாம் ஷ்வானும் ஹின்னபுஷும் 1998-இல் இன்னொன்றைக் காட்டினார்கள்: பொரீலியா ஹெர்ம்சி என்ற இன்னொரு இனம் உண்ணிக்குள் இருக்கும்போது தன் மேற்புறப் புரதத்தையே மாற்றிக்கொள்கிறது, ரத்தத்துக்குள் வந்ததும் பழையபடி ரத்தத்துக்கான புரதத்துக்குத் திரும்பிவிடுகிறது.

ரத்தத்துக்குள் வந்த பிறகு அது செய்கிற வேலைதான் இன்னும் சாமர்த்தியம். நம் உடம்பு ஒரு மேற்புறப் புரதத்தை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் தயாரிப்பதற்குள், சில கிருமிகள் சட்டை மாற்றுவது போல வேறு புரதத்துக்கு மாறியிருக்கும். பெரும்பான்மை அழிந்து காய்ச்சல் விடும், மாறிய கூட்டம் பெருகியதும் மறுபடி அடிக்கும். மூன்று நாள் காய்ச்சல், ஒரு வாரம் போல இடைவெளி, அப்புறம் திரும்பவும் காய்ச்சல் என்று இது சுற்றுவதற்குக் காரணம் இதுதான். ஒரே ஒரு ஹெர்ம்சி கிருமியிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் உருவாவதை 1982-இலேயே காட்டிவிட்டார்கள்.

இது ஏதோ புது நோய் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். பெர்லினில் ஓபர்மையர் 1868-இலேயே நோயாளியின் ரத்தத்தில் இந்தச் சுருள் கிருமியைப் பார்த்துவிட்டார். உண்ணிதான் பரப்புகிறது என்பதைக் காங்கோவில் ஆராய்ந்த லிவர்பூல் மருத்துவர் ஜோசப் டட்டன், 1905-இல் அந்தக் காய்ச்சலாலேயே இறந்தார். பொரீலியா டட்டோனி என்ற பெயர் அவர் நினைவாக வந்ததுதான். லைம் கிருமியைக் கண்டுபிடித்த வில்லி பர்க்டார்ஃபர்கூட முதலில் ஆராய்ந்தது ஆப்பிரிக்க மென் உண்ணிகளைத்தான், இது பலருக்குத் தெரியாது.

கட்டுரையாளர் எலியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. 1973-இல் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் வடக்கு விளிம்பில், மரக் குடில்களில் தங்கிய 62 பேருக்கு இந்தக் காய்ச்சல் வந்தது. அங்கே குடில்களுக்குள் கூடு கட்டும் அணில், எலி வகைகளின் ரத்தத்தைக் குடித்தே இந்த உண்ணிகள் வாழ்கின்றன. அவசரப்பட்டு எலிகளை மட்டும் ஒழித்தாலும் வம்புதான், பசித்த உண்ணி அடுத்து மனிதனைத்தான் தேடும். இரை இல்லாமல் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிக்கிற பிராணி வேறு. ஆகவே கூட்டை அகற்றுவதும் உண்ணிக்கு மருந்தடிப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், எனக்கு இதுதான் பெரிய கவலை. ஆப்பிரிக்காவில் பல இடங்களில் இந்தக் காய்ச்சலை மலேரியா என்றே நினைத்துவிடுகிறார்கள். முன்பெல்லாம் மலேரியாவுக்காக ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், அப்போது தற்செயலாகவாவது இந்தச் சுருள் கிருமி கண்ணில் படும். இப்போது மலேரியாவுக்கு விரைவுப் பரிசோதனை அட்டை வந்துவிட்டது. வசதிதான், ஆனால் அது மலேரியாவை மட்டும்தான் சொல்லும். இல்லை என்று வந்தால் அடுத்து என்ன தேடுவது என்று சொல்ல மீள்காய்ச்சலுக்கு அப்படி ஒரு மலிவான அட்டை பரவலாகக் கிடைப்பதில்லை. நுண்ணோக்கியில் பார்ப்பதானாலும் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது எடுத்த ரத்தமாக இருக்க வேண்டும், விட்டிருக்கும் நாளில் எடுத்தால் கிருமி தென்படாமல் போக வாய்ப்பு அதிகம்.

மருந்து இல்லாத நோயும் அல்ல இது, டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கேட்கும். இஸ்ரேலில் உண்ணி கடித்திருக்கலாம் என்று கருதப்பட்ட 93 படைவீரர்களை வைத்து நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து எடுத்தவர்களில் ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 10 பேருக்கு வந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. சிகிச்சை தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் கிருமிகள் மொத்தமாகச் சாகும்போது நடுக்கமும் கடும் காய்ச்சலும் வந்து ரத்த அழுத்தம் இறங்கிவிடலாம், மருத்துவர் கண்பார்வையில் இருப்பதே நல்லது.

திருத்தம் வெளியிடும்போது இரண்டே வரி போதும். மென் உண்ணி கடித்த தடயம் இல்லாமலும் போகலாம். காய்ச்சல் விட்டு விட்டுத் திரும்பினால், கடந்த சில வாரங்களில் குகையிலோ எலி நடமாட்டமுள்ள குடிசையிலோ தூங்கியிருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாளிதழின் வாசகர்