செயலாளர் ஆண்டறிக்கை: நடுவர்களைத் தயார் செய்த ஓராண்டு

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. பொங்கலை ஒட்டி மாமல்லபுரம் வரை பழைய கார்களில் போய்வந்தோம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஆகவே என் அறிக்கையில் பெரும்பகுதியை, நம் பழைய கார் கண்காட்சியில் மதிப்பெண் போடும் நடுவர்களின் பயிற்சிக்கே எடுத்துக்கொள்கிறேன்.

போன ஆண்டுக் கண்காட்சி முடிந்த கையோடு மூன்று உறுப்பினர்கள் என்னிடம் வந்து வருத்தப்பட்டார்கள். புது பெயிண்ட் அடித்து, தேவையில்லாத இடத்திலெல்லாம் குரோம் பூசிய வண்டிக்குப் பரிசு; அப்பா காலத்து வண்டியை அப்படியே காப்பாற்றி வைத்திருந்தவருக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் கேட்டது நியாயம். அன்று நடுவராக நின்றவர்கள் மேல் குறையில்லை. எதைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும் என்று நாம் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

செயற்குழு கூடி, அமெரிக்காவில் 1935-இல் தொடங்கிய ஏஏசிஏ என்ற பழங்கார் சங்கத்தின் முறையை நமக்கு ஏற்றபடி எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தது. அங்கே ஒவ்வொரு வண்டியும் 400 மதிப்பெண்ணோடு மைதானத்துக்குள் வருகிறது. நடுவர்கள் கூட்டிப் போடுவதில்லை. அசலுக்கு மாறான பொருளுக்கும் பழுதுக்கும் கழித்துக்கொண்டே போகிறார்கள். வெளிப்புறம், உட்புறம், எஞ்சின், சேசிஸ் எனும் அடிச்சட்டம் என்று ஆளுக்கொரு பகுதி, மேலே ஒரு அணித்தலைவர். ஷோரூமிலிருந்து முதல் சொந்தக்காரர் கைக்கு வண்டி வந்த நாளில் எப்படி இருந்ததோ, அதுதான் அளவுகோல். அதற்கு மேல் பளபளப்பாக்கினால் கூடுதல் மதிப்பெண் கிடையாது. நடுவராக விரும்புபவர் முதலில் வகுப்பில் உட்கார வேண்டும், அப்புறம் ஒரு கண்காட்சியில் பயிற்சி நடுவராக அணியோடு நடக்க வேண்டும். இந்த இரண்டையும் நாம் அப்படியே வைத்துக்கொண்டோம்.

வகுப்புகள் ஞாயிற்றுக்கிழமை காலையில், நம் உறுப்பினர் ஒருவரின் ஒர்க்‌ஷாப்பில் நடந்தன. முதல் வகுப்பே ஒரு திருகாணியைப் பற்றித்தான். தலையில் கூட்டல் குறி போல வெட்டு உள்ள, நம் மெக்கானிக்குகள் ஸ்டார் ஸ்க்ரூ என்று சொல்லும் பிலிப்ஸ் திருகாணி கார்களுக்குள் வந்தது 1936-இல், கேடிலாக் வண்டியில். அப்படியானால் 1929 மாடல் ஃபோர்டின் கதவில் ஸ்டார் ஸ்க்ரூ இருந்தால் அது பிறகு யாரோ போட்டதுதான். இதைக் கேட்டதும் வகுப்பிலிருந்த எல்லோரும் எழுந்து போய், வெளியே நின்ற வண்டிகளை ஒவ்வொரு திருகாணியாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். அன்றைக்கு மதியச் சாப்பாடு ஆறிப்போனது. பித்தளை, நிக்கல், குரோம் எந்தெந்தக் காலத்துக்கு உரியவை, மின்சாரம் தரும் பழைய டைனமோ இருந்த இடத்தில் பிற்காலத்து ஆல்டர்னேட்டர் வந்தால் எவ்வளவு கழிப்பது, பிற்காலத்து ரேடியல் டயரை எந்த வண்டியில் ஏற்பது என்று அடுத்தடுத்த வாரங்களில் பார்த்தோம்.

இங்கே என் அனுபவம் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். நானும் பயிற்சி நடுவராகப் பெயர் கொடுத்திருந்தேன். பயிற்சிக்காக நிறுத்தியிருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பார்த்து, நான்கு கதவு இருக்கிறதே என்று பெரிய கழிவாகப் போட்டுவிட்டேன். இந்த வண்டியின் மூலம் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் செய்த ட்ரையம்ப் ஹெரால்டு. நான் படித்த ஆங்கிலேயக் கையேட்டில் அதன் சலூனுக்கு, அதாவது கூரை மூடிய காருக்கு, இரண்டே கதவுதான். வண்டிக்காரர் கோபப்படவில்லை. “சார், இது கவன்ட்ரி வண்டி இல்ல, நம்ம மெட்ராஸ் வண்டி” என்று சொல்லி, தன் தந்தை வைத்திருந்த பழைய பில்லையும் அந்தக் காலத்துப் புகைப்படத்தையும் எடுத்துக் காட்டினார். 1961 முதல் சென்னையில் தயாரான ஹெரால்டுக்கு அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் நான்கு கதவு வந்தது. அது இந்தியாவுக்கென்றே செய்த உடல். இங்கிலாந்தில் அப்படி ஒரு சலூன் விற்கவே இல்லை. என் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி மதிப்பெண் போட்டேன். நம் ஊரில் பிறந்த வண்டியை வெளியூர்ப் புத்தகத்தை வைத்து அளப்பது அநியாயம் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

அதன் பிறகு ஹெரால்டு, அம்பாசிடர், ஃபியட் மூன்றுக்கும், எது அசல் என்று சொல்லும் அடையாளத் தாளை நாமே எழுதத் தொடங்கினோம். ஹெரால்டு தாள் முடிந்தது. அம்பாசிடரில் மார்க் 1-க்கும் மார்க் 2-க்கும் உள்ள கிரில் வேறுபாடு வரை வந்திருக்கிறோம். ஃபியட் இன்னும் தொடங்கவில்லை.

இந்த ஆண்டுக் கண்காட்சியில் புதிய முறையில் மதிப்பெண் போட்டோம். யாரும் தன் வண்டி இருக்கும் பிரிவில் நடுவராக நிற்கவில்லை. நடுவர்கள் வண்டியில் கை வைக்கவில்லை. கதவையும் பானட்டையும் சொந்தக்காரரே திறந்தார். முடிவு அறிவித்த பிறகு கழிவுத் தாளை ஒவ்வொருவரிடமும் கொடுத்து, எதற்குக் கழித்தோம் என்று நின்று விளக்கினோம். நேரம் அதிகம் பிடித்தது. இருந்தாலும் இதை விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பெயிண்ட் மங்கிய ஒரு வண்டி, அசல் சீட்டும் அசல் ஒயரிங்கும் இருந்ததால், தன் பிரிவில் முதலாவதாக வந்தது. போன ஆண்டு வருத்தப்பட்டவர்களில் ஒருவருடைய வண்டி அது.

அசலைக் காப்பது இப்போது பரிசோடு நிற்கும் விஷயமும் இல்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்த வண்டிக்கு ‘விஏ’ எழுத்துள்ள தனிப் பதிவு எண் கிடைக்கும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருந்தால் அது விண்டேஜ் வண்டி ஆகாது. எஞ்சினை மாற்றலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து முதலில் நம் நடுவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஒர்க்‌ஷாப்பைத் தந்த உறுப்பினருக்கும், வகுப்பு நாட்களில் சமைத்துப் போட்ட அவர் வீட்டாருக்கும் நன்றி. அடுத்த பயிற்சிக்குப் பெயர் கொடுப்பவர்கள் இன்றே வாசலில் உள்ள பதிவேட்டில் எழுதலாம். சொந்தமாகக் கார் இருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டுப் பரணில் பழைய ஃபியட்டின் கையேடோ, பில்லோ, கல்யாணத்தில் கார் முன் நின்று எடுத்த படமோ இருந்தால் கொண்டுவாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம்.

இந்த அறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்