மேசையும் விமானமும்

அன்புள்ள மகளுக்கு,

போர் விமானம் ஓட்டுவதோடு, படைப்பிரிவின் நிர்வாகத்தைப் பார்க்கும் அட்ஜுடன்ட் வேலையும் உன் தலையில் விழுந்துவிட்டது, இரண்டையும் எப்படிச் சமாளிப்பது என்று எழுதியிருந்தாய். சார்ட்டி, அதாவது ஒருமுறை ஏறி இறங்கும் பறப்பு, ஒரு மணி நேரம்தான் என்றாலும் திட்டமிடல், பறக்குமுன் பேசிக்கொள்ளும் பிரீஃபிங், விமானத்தைச் சுற்றிப் பார்ப்பது, இறங்கியபின் நடந்ததை அலசும் டிபிரீஃபிங் என்று அரை நாள் போய்விடும். மிச்சத்தில்தான் கோப்பு. இரண்டுக்கும் சரிபாதி நேரம் ஒதுக்கப் பார்க்காதே, நடக்காது.

நேரம் இறுகும்போது முதலில் பலியாவது டிபிரீஃபிங். மீட்டிங் இருக்கிறதென்று பத்தே நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். காக்பிட் பதிவை ஓட்டிப் பார்க்காவிட்டால் எந்த நொடியில் எதைத் தவறவிட்டோம் என்பது தெரியாது. அதே தவறு அடுத்த சார்ட்டியிலும் வரும். பிரீஃபிங் தொடங்கியது முதல் டிபிரீஃபிங் முடியும்வரை போன் லாக்கரில் இருக்கட்டும். கையெழுத்துக்காக வாசலில் நிற்பவர் நிற்கட்டும்.

இரவுப் பறப்பு உள்ள நாளில்தான் கவனம் அதிகம் வேண்டும். காலை 6 மணிக்கு எழுந்து பகல் முழுக்க மேசையில் இருந்தவருக்கு இரவு 11 மணிக்கு விழிப்பு 17 மணி நேரம். அந்த நிலையில் செயல்திறன் ரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவருடையதைப் போலக் குறைகிறது என்று 1997ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். குடித்துவிட்டு விமானம் ஏறுவாயா? அன்று காலை அலுவலகம் வராமல் தூங்கு. முந்தைய நாளே மேலதிகாரியிடம் சொல்லிவிடு. ஓய்வு நேரத்தில் "ஒரே ஒரு மின்னஞ்சல்" என்று உட்கார்ந்தால் அது ஓய்வே இல்லை.

மாதத்துக்குப் பறக்க வேண்டிய மணி நேரம் கணக்கில் சரியாக இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதே. மூன்று வாரம் மேசை, கடைசி வாரத்தில் ஐந்து சார்ட்டி என்பதைவிட வாரம் ஒன்று நல்லது. விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்கைப் பிடிக்கும் கை எளிதில் மறக்காது. நடைமுறைகளும், கருவிகளைப் பார்த்துக்கொண்டே அடுத்தடுத்து யோசிப்பதும்தான் முதலில் மங்கும். அதற்கு சிமுலேட்டர் உதவும். ஜி, அதாவது வேகமாகத் திரும்பும்போது உடலை அழுத்தும் விசை, அதைத் தாங்கும் சக்திக்கு உதவாது. இடைவெளிக்குப் பின் பறக்கும்போது முதலில் மிதமான ஜியில் உடலைப் பழக்கு. கால், பிட்டம், வயிற்றுத் தசைகளை ஜி ஏறுவதற்கு முன்பே இறுக்கிவிட வேண்டும். மூச்சை மூன்று நொடிக்கு ஒருமுறை சட்டென்று மாற்ற வேண்டும். ஜி ஏறியபின் இறுக்கினால், ரத்தம் தலையை விட்டு இறங்கிப் பார்வை ஏற்கெனவே சாம்பலாகியிருக்கும்.

கோப்புகளில் பெரும்பாலானவை தாமதமானால் திட்டோடு போகும். உன் கீழ் இருப்பவர்களின் ஆண்டு மதிப்பீடு அப்படியல்ல. நீ அவசரத்தில் எழுதும் நான்கு வரி ஒருவருடைய பதவி உயர்வையே நிறுத்தும். மாதம் ஒருமுறை ஒவ்வொருவருக்கும் மூன்று வரி குறித்து வை: என்ன செய்தார், எவ்வளவு, அதனால் என்ன மாறியது. "நன்றாகப் பணியாற்றினார்" என்பதைப் படித்து எந்தப் பதவி உயர்வு வாரியமும் எதையும் தெரிந்துகொள்ளாது. வானிலையால் பறப்பு ரத்தாகும் நாட்கள் இதற்குத் தோது.

உன் மதிப்பீட்டுக்கும் பறந்த மணி நேரம் மட்டும் போதாது. படை உனக்குத் தந்தது விமானி வேலை மட்டுமல்ல, அதிகாரிப் பதவியும்தான். தலைமையகப் பணி வந்தால் தட்டிக் கழிக்காதே. போகுமுன் இரண்டை எழுத்தில் கேட்டு வாங்கு: எத்தனை ஆண்டு, திரும்பும்போது எந்த மீள்பயிற்சி. மேசையில் இருந்தாலும் மருத்துவப் பரிசோதனைத் தேதியைத் தவறவிடாதே. தகுதி காலாவதியானால் பயிற்சியில் இடம் இருந்தும் ஏற முடியாது.

அன்புடன்,
அப்பா