மீன் பெட்டியில் முட்டை சுமந்த அக்காக்களுக்கு

குப்பத்து அக்காக்களுக்கு வணக்கம்.

ஆமை முட்டைகள் பதித்த குழிகள்வரை கடல் ஏறிய அந்த வாரத்தைப் பற்றி இந்தக் கரையில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அன்று இடம் மாற்றிய குழிகளில் மணல் இப்போது ஒவ்வொன்றாகக் கிண்ணம்போல் உள்வாங்குகிறது. அடியில் குஞ்சுகள் முட்டை ஓட்டை உடைத்துவிட்டன என்பதற்கு அதுதான் அடையாளம். இந்த மகிழ்ச்சி ஆறுவதற்குள் உங்களுக்கு நன்றி சொல்லிவிட வேண்டும்.

பங்குனி ஆமையின் முட்டைகளை இட்ட சில மணி நேரத்துக்குள் எடுத்துப் பொரிப்பகத்தில், அதாவது முட்டைகளைப் பாதுகாப்பாகப் புதைத்துப் பொரிக்கவிடும் இடத்தில், பதித்தால் பிரச்சினை இல்லை. நேரம் போகப்போக, கரு ஓட்டின் மேல்பக்கத்து உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டை புரண்டாலோ குலுங்கினாலோ கரு செத்துவிடும். முதல் சில வாரங்கள் இந்த ஆபத்து மிக அதிகம். அதற்காகக் குழிகளை அப்படியே விடவும் வழியில்லை. கடல்நீர் தேங்கினால் ஓட்டின் நுண்துளைகள் வழியே காற்று போகாது, உள்ளேயே மூச்சு முட்டிச் சாகும். எப்படியும் எடுத்தே ஆக வேண்டும், ஆனால் ஒரு முட்டைகூடத் திரும்பக் கூடாது.

கையில் இருந்தவையோ வாளிகள். பிடியைப் பிடித்துத் தூக்கினால் வாளி ஆடும், ஆழமாக அடுக்கினால் மேல் முட்டைகளின் பாரமெல்லாம் அடியில் இறங்கும். அந்த நேரத்தில்தான் நீங்கள் ஐஸ் போட்டு மீன் வைக்கிற தெர்மோகோல் பெட்டிகளைக் கொண்டுவந்தீர்கள். யாரும் உங்களிடம் கேட்கவில்லை. அவற்றைப் புளி போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் பலமுறை அலசியிருந்தீர்கள். மீன் வாடை இருந்தால் நாயும் எறும்பும் குழியைத் தேடி வரும் என்பது உங்களுக்கே தெரிந்திருந்தது. பெட்டி இல்லாமல் அன்றைக்கு வியாபாரம் ஏது?

ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் மெல்லிய பென்சிலால் குறி இட்டோம். ஓடு உறிஞ்சும் என்பதால் பேனா மை ஆகாது. குறி மேலே பார்த்தபடியே தூக்கி, அதே குழியின் ஈரமணலைப் பரப்பிய பெட்டியில் இரண்டே அடுக்காக வைத்து, இடுக்குகளிலும் மணல் நிரப்பினோம். முட்டையும் சுவாசிக்கும் என்பதால் மூடியை இறுக்காமல் ஈரச்சாக்கு மட்டும் போர்த்தினோம். பெட்டிகளுக்கு எண் போட்டதற்கும் காரணம் உண்டு: கடைசியாக எடுத்த அடி முட்டைகள்தான் புதிய குழியில் முதலில் இறங்க வேண்டும்.

பெட்டியின் இரு பக்கமும் ஆளுக்கொரு கை கொடுத்துத் தூக்கப் போனபோது, உங்களில் ஒருவர் தடுத்தார். "ரெண்டு பேரு தூக்கினா ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் தம்பி. மணல்ல கால் புதைஞ்சா பொட்டி குலுங்கும். தலைல வெச்சா ஆடாது." முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு கூட்டி, பெட்டியை ஏற்றிக்கொண்டு நடந்தார். புதைமணலில் இடுப்பும் முழங்காலும் அசைகின்றன, தலை மட்டும் அசையவில்லை. பின்னாலேயே நீங்கள் எல்லோரும். வெயில் ஏறுமுன் கடைசிப் பெட்டியும் மேட்டு மணலுக்கு வந்துவிட்டது.

அங்கே 45 சென்டிமீட்டர் ஆழத்தில், கழுத்து குறுகி அடி அகன்ற குடுவை வடிவில் குழிகள் தயாராக இருந்தன. அவற்றைத் தோண்டிய மாணவர்கள், இரவோடு இரவாக வந்து நின்ற வனத்துறை ஊழியர்கள், மூங்கிலும் பச்சை நிழல்வலையும் தந்தவர்கள், மொட்டைமாடி விளக்கை இன்றுவரை அணைத்தே வைத்திருக்கும் குடியிருப்புக்காரர்கள், டீயும் பன்னும் அனுப்பிய கடைக்காரர் எல்லோருக்கும் நன்றி. அந்த நிழல்வலை இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் மணல் 34, 35 டிகிரியைத் தாண்டி, பிழைத்த கருக்களும் வெந்திருக்கும்.

இடம் மாற்றிய எல்லா முட்டையும் பொரிக்காது. இட்டவுடன் பதித்த குழிகளுக்கு இவை ஈடாகாது. ஆனாலும் அலை கொண்டுபோயிருக்க வேண்டியவை இன்று கடலுக்குப் போகின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கு மேல் ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, 'மீனவர்' என்று பொதுவாகச் சொல்லி உங்களையும் சேர்த்தே பழித்தார்கள். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக்கூடாது என்பது விதி. அதை மீறி இழுக்கும் வலையில் சிக்கிய ஆமை, மூச்செடுக்க மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகிறது. அதே வலையில் சிக்கித்தான் உங்கள் வீட்டுச் சிறிய ஃபைபர் படகுகளின் வலையும் கிழிகிறது. ஆமைக்காகப் பேச வருகிறவர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

அடுத்த மார்கழியில் பொரிப்பகத்துக்கு இடம் பார்க்கும்முன் உங்களிடம் வருவோம். தண்ணீர் எதுவரை ஏறும் என்பது கருவாடு காயவைக்கும் உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு எங்களுக்குத் தெரியாது. பிந்தி எடுக்கும் முட்டையை இனி வாளியில் தூக்குவதில்லை. அதற்கென்று தனிப் பெட்டிகள் வாங்கி வைக்கிறோம், உங்கள் வியாபாரம் இன்னொரு நாள் நிற்க வேண்டாம். சும்மாடு கூட்டவும் மணலில் நடக்கவும் எங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள்தான் பழக்கித் தர வேண்டும், அக்கா.