சார்ஜ் எடுக்கும் மகளுக்கு

அன்புள்ள செல்விக்கு,

திங்கட்கிழமை உன் வங்கியின் நாக்பூர் கிளையில் நீ சார்ஜ் எடுக்கிறாய் என்று அம்மா சொன்னாள். அதைக் கேட்டுப் பேரன், "சார்ஜ் போனுக்குப் போடுறதுதானே, அம்மா ஏன் எடுக்கணும்?" என்றானாம். பாடப்புத்தகத்தில் கிடைக்காத கேள்வி. பதிலை எழுதுகிறேன், படித்துக் காட்டு.

லத்தீனில் காருஸ் என்றால் வண்டி. அதில் பாரம் ஏற்றுவது காரிகாரே. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சார்ஜ் ஆனபோது அதன் பொருள் சுமை. ஒருவர் தோளில் ஏற்றினால் பொறுப்பு, பணப்பையில் ஏற்றினால் கட்டணம், தலையில் ஏற்றினால் குற்றச்சாட்டு. துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பதும் சார்ஜ்தான். 1740களில் லைடன் ஜாடி என்ற கண்ணாடிக் குடுவையில் மின்சாரத்தைச் சேமிக்கக் கற்றார்கள். பல ஜாடிகளை வரிசையாக இணைத்ததற்கு பெஞ்சமின் பிராங்க்ளின் பீரங்கி வரிசையின் பெயரையே எடுத்து பேட்டரி என்றார். அதை நிரப்புவது சார்ஜ், காலி செய்வது டிஸ்சார்ஜ். பேரன் கையில் இருக்கும் போனுக்குள் அந்தப் பீரங்கிகள் இன்னும் இருக்கின்றன! கார், கார்கோ, கேரிகேச்சர் எல்லாமே அந்த வண்டியின் வாரிசுகள். கேரிகேச்சர் என்றால் மூக்கையும் காதையும் அளவுக்கு மீறி ஏற்றிய படம்.

தமிழிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். பொறுப்பு என்பதில் இருப்பது 'பொறு'. பொறை என்றால் பொறுமை, சுமை இரண்டும். 'நிலக்குப் பொறை' என்று வள்ளுவர் சொல்வது பூமிக்குப் பாரம் என்ற பொருளில்.

எங்கள் தாலுகா ஆபீஸில் இந்தச் சொல் வேறு மாதிரி புழங்கியது. வெள்ளைக்காரனுக்கு இன்சார்ஜ் என்றால் தலைவர். எங்களுக்கோ, நிரந்தர ஆள் வரும்வரை நாற்காலியைப் பார்த்துக்கொள்பவர். அவர் கையெழுத்தைக் கீழே இருப்பவர்கள் பாதிதான் மதிப்பார்கள். சார்ஜ் மெமோ, அதாவது ஊழியர் மீதான குற்றச்சாட்டுக் கடிதம் என்றாலோ ஆபீஸே அமைதியாகிவிடும். அதிலும் அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளின் 17ஏ என்றால் சிறிய தண்டனைதான், ஓரளவு மூச்சு விடலாம். 17பி என்றால் பெரிய தண்டனைவரை போகும்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. சார்ஜ் மெமோவின் விதை பல சமயம் சார்ஜ் எடுக்கும் நாளிலேயே விழுந்துவிடுகிறது. முன்னால் இருந்தவர் காபி வாங்கிக் கொடுத்து, "எல்லாம் கரெக்டா இருக்கு மேடம், கையெழுத்து மட்டும் போடுங்க" என்பார். காபியைக் குடி, கையெழுத்து போடாதே. சாவிகளை ஒவ்வொன்றாகப் பூட்டில் போட்டுப் பார். ரொக்கத்தை உன் கண் முன்னால் எண்ணச் சொல். ரப்பர் ஸ்டாம்பு, பதிவேடு, நகைக்கடன் பொட்டலம் எல்லாவற்றையும் பட்டியலோடு ஒத்துப்பார். இல்லாததை 'இல்லை' என்று அவரையே எழுத வை. சார்ஜ் கைமாறியது முற்பகலா பிற்பகலா என்பதையும் குறிக்கச் சொல்; அந்த அரை நாளில் நடந்தது யார் தலையில் என்று பின்னால் கேள்வி வரும். மனிதர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அப்புறம், அம்மா போனில் சார்ஜ் அரை மணி நேரம்கூட நிற்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை என் நம்பருக்குக் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா