பாசி எடுக்கும் பெண்களின் தலைவலி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களில் நானும் ஒருத்தி. மாதவிலக்குக்கு முந்தின நாளே ஒற்றைத் தலைவலி பிடித்துவிடும். தண்ணீரில் பட்ட வெயில் கண்ணில் அடித்தாலே குமட்டும், முங்கவே முடியாது.

'பொம்பளைகளுக்கு வர்றதுதான்' என்று இதை விட்டுவிடுகிறார்கள். அந்த நாட்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சட்டென்று இறங்குவதுதான் காரணம்.

சுக்கை உரசி, வெந்நீரில் குழைத்து நெற்றியில் பற்றுப் போடுவோம். அந்தக் காந்தலில் வலி கொஞ்சம் மட்டுப்படும். சுக்குக் கஷாயம் குமட்டலுக்கு நல்லது. ஆனால் எனக்கு அதிகம் கைகொடுத்தது, வெறும் வயிற்றோடு வள்ளம் ஏறாமல் கம்பங்கூழ் குடித்துவிட்டுப் போவதுதான். எள்ளு, நிலக்கடலை, கீரையில் மெக்னீசியம் என்ற தாதுச்சத்து உண்டு. இந்தத் தலைவலிக்கு மருத்துவர்களும் அதை மாத்திரையாகத் தருகிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அந்த மாத்திரையைச் சாப்பிடக் கூடாது.

கடையில் வாங்கும் வலி மாத்திரைதான் பயமாக இருக்கிறது. மாதத்தில் 10, 15 நாள் என்று போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். அப்புறம், வலிக்கு முன் கண்ணில் மின்னல்போல நெளிகிறவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் பக்கவாத ஆபத்து கூடும். மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து பிரஷர், சுகர் பார்க்கிறார்கள். அப்போதே இந்தத் தலைவலியையும் கேட்டுக் குறித்துக்கொள்ளச் சொல்லி உங்கள் நாளிதழ் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, பாம்பன்