செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நமது பைத்தான் நிரல்மொழிப் பயனர் சங்கத்தின் மாதக் கூட்டங்கள், மழையால் தள்ளிப்போன ஒன்று தவிர, ஒழுங்காக நடந்தன. மாணவர் பயிற்சியும் ஆயுத பூஜையும் வழக்கம்போல நடந்தன.

இந்த ஆண்டின் பெரிய வேலை, பதிப்புக்குப் பதிப்பு வரும் நுணுக்கமான மாறுதல்களை எழுதிவைக்கும் நம் குறிப்பேடு. பைத்தான் 3.12-இல், நிரல்களைத் தொகுத்து நிறுவ உதவும் டிஸ்ட்யூட்டில்ஸ் தொகுதியை எடுத்துவிட்டார்கள். அப்படிப்பட்டதை விட்டுவிடலாம், தொகுதியை அழைக்கும் இம்போர்ட் வரியிலேயே நிரல் நின்றுவிடும். பிழையே காட்டாமல் விடையை மட்டும் மாற்றுகிறவைதான் ஆபத்து.

உறுப்பினர் ஒருவர் தம் கடையின் பில் நிரலைப் பைத்தான் 2-இலிருந்து 3-க்கு மாற்றினார். 112.50 ரூபாய் பழையதில் 113, புதியதில் 112. ஆனால் 113.50 இரண்டிலுமே 114. பின்னத்தை முழு எண்ணாக்கும் ரவுண்ட் கட்டளை, பைத்தான் 3-இல் சரிபாதியாக வந்தால் பக்கத்திலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். சில பில் சரி, சில பில் தவறு என்று இருந்ததால் மூன்று வாரம் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஒரு ஞாயிறு முழுக்க இரண்டு பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டித்தான் பிடித்தோம். பழைய விடை, புதிய விடை, ஓட்டிப் பார்க்க மூன்று வரி நிரல் என்று அது இப்போது குறிப்பேட்டில் இருக்கிறது. அப்புறம், ஒரே நிரலின் வேலையைப் பல சேய் நிரல்களுக்குப் பிரித்துத் தரும் மல்ட்டிபிராசசிங் தொகுதி, லினக்ஸில் 3.14 முதல், தாய் நிரலை அப்படியே நகலெடுத்துச் சேயை உண்டாக்கும் ஃபோர்க் முறையை விட்டு, தனி சர்வர் வழியே உண்டாக்கும் ஃபோர்க்சர்வர் முறைக்கு மாறியதையும் சேர்த்தோம். தாய் நிரல் ஓடும்போது மாற்றிய குளோபல் (நிரல் முழுவதற்கும் பொதுவான) மதிப்பு இனி சேய்க்குத் தானாகப் போய்ச் சேராது.

இந்த வேலைக்குப் பெயர் கொடுத்தவர்கள் பலர். ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் நால்வர். நிரல் உடைந்த ராத்திரி எனக்குப் போன் செய்கிறவர்கள், சரியானதும் ஒரு மணி நேரம் வந்து அதை எழுதித் தரலாமே. எழுதாததால் ஒரே சிக்கலுக்கு மூன்று பேர் தனித்தனியே தூக்கம் கெட்டதை நான் பார்த்தேன்.

சந்தா ஏறக்குறைய பாதிப் பேரிடமிருந்து வரவில்லை. மூன்று முறை நினைவூட்டிவிட்டேன். வாடகை, தேநீர்ச் செலவு போகக் கையிருப்பு கொஞ்சம் உள்ளது. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது.

இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும் ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.

அடுத்து பைத்தான் 3.15. எந்தக் கணினியிலும் கோப்பைத் திறக்கும் இயல்பான என்கோடிங் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) அதில், எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூடிஎஃப்-8 ஆகிறது. விண்டோஸில் பழைய என்கோடிங்கில் சேமித்த கோப்புகள் என்னாகும் என்று நாம் முன்கூட்டியே சோதிக்க வேண்டும். சங்கத்தில் விண்டோஸ் கணினி இல்லை. யார் வீட்டிலாவது பழைய மடிக்கணினி சும்மா இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்