எந்தப் புதூர்?

ஆசிரியருக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவிலிருந்து பூர்வீகம் தேடி வருகிறவர்களைப் பற்றி அவ்வப்போது செய்தி வருகிறது, மாலை போட்ட படத்தோடு முடிந்தும் விடுகிறது. தேடல் எங்கே சிக்கிக்கொள்கிறது என்று யாரும் எழுதக் காணோம்.

போன தை மாதம் எங்கள் ஆரணிக்கு டர்பனிலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். குடும்பப் பெயர் 'கோவெண்டர்', அதாவது நம்ம கவுண்டர். கேட்டதுமே ஆளுக்கொருவர் கோயம்புத்தூர் போங்க, ஈரோடு போங்க என்று கைகாட்டினார்கள். வட ஆற்காட்டிலும் கவுண்டர் பட்டம் உண்டு என்பது இங்கேயே பாதிப் பேருக்கு ஞாபகம் இல்லை!

பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் ஊர் வந்து சேராது. 1860-ல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் கிளம்பியது முதல் 1911 வரை டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குக் கூலி ஒப்பந்தத்தில் போனவர்கள் 1,52,000-க்கும் மேல், பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். அவர்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? சிலருக்குச் சாதிப் பட்டம் ஒட்டிக்கொண்டது, சிலருக்கு முனுசாமி, பெருமாள் என்று போனவரின் சொந்தப் பெயரே பேரன் பேத்திகளின் குடும்பப் பெயராகிவிட்டது, அண்ணன் பிள்ளைகளுக்கு ஒன்றும் தம்பி பிள்ளைகளுக்கு வேறொன்றும் அமைந்த வீடுகளும் உண்டு.

உதவுவது கப்பல் பட்டியல்தான். ஆளுக்கொரு எண், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், அங்க அடையாளம் எல்லாம் இருக்கும். அவர்கள் கொண்டுவந்த நகலில் வயது 22, இடது முழங்காலில் தழும்பு என்று ஆளையே கண்முன் நிறுத்தியிருந்தது. ஊர் மட்டும் 'பூடூர்'. வெள்ளைக்காரன் எழுத்தில் அது புதூராகவும் இருக்கலாம், பூதூராகவும் இருக்கலாம். சரி, புதூர் என்றே வைத்துக்கொண்டாலும் எந்தப் புதூர்? இந்தப் பக்கம் திரும்பின இடமெல்லாம் புதூர். கடைசியில் அந்த அம்மா, தன் பாட்டி பச்சையம்மனுக்குப் பொங்கல் வைப்பார் என்று சொன்னதுதான் கொஞ்சம் வழி காட்டியது. பெயரை விடக் குலதெய்வத்தைக் கேட்பது எவ்வளவோ மேல்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வாரம் ஒரு நாள், நாலு வரி இடம் ஒதுக்குங்கள். பட்டியலில் உள்ளபடியே ஜில்லா, தாலுகா, ஊர், அப்புறம் குலதெய்வம் தெரிந்தால் அதுவும் போட்டால் போதும். தபால்காரர், கோயில் பூசாரி, பழைய கர்ணம் வீட்டுக்காரர் என்று யாராவது ஒருவர் கண்ணில் படும். முதல் வாரம் இதையே போடுங்களேன்: வட ஆற்காடு ஜில்லா, ஆரணி, 'பூடூர்', பச்சையம்மன்.

இப்படிக்கு,
ஆரணி வாசகர் ஒருவர்